தாம்பரத்திலிருந்து கோட்டைக்கு

தாம்பரத்தில் மின்சார வண்டி ஏறினால் கோட்டை நிலையத்தில் இறங்கலாம். இடைப்பட்ட தொலைவு ஏறத்தாழ 17 மைல். 1931 ஆம் ஆண்டு தொடங்கி அந்த வண்டி ஓடிக்கொண்டே இருந்தது. தோல் பதனிடும் தொழிலாளி அதில் ஏறினான்; கோப்பும் குடையுமாய் எழுத்தர் ஏறினார்; ஏடு சுமந்து மாணவன் ஏறினான்; கீரைக்கூடையோடு மூதாட்டி ஏறினாள். நிலையத்தின் பெயர்தான் கோட்டை. அங்கே இறங்கியவர்களுக்கும் கோட்டைக்கும் இருந்த உறவு என்ன? வாயிலில் நின்று மனுக் கொடுக்கும் உறவு! உள்ளே வீற்றிருந்தோர் முதலில் வெள்ளையர். பிறகு, இடையில் சில ஆண்டுகள் நீங்கலாக, காங்கிரசுக் கட்சியினர்.

1967 மார்ச்சு 6 ஆம் நாள் அந்த உறவு மாறிவிட்டதாகப் பல்லாயிரவர் நம்பினர். அறிஞர் அண்ணா தலைமையில் ஒன்பதின்மர் கொண்ட அமைச்சரவை அன்று பொறுப்பேற்றது. 1949 செப்டம்பர் 17 ஆம் நாள், இராயபுரம் ராபின்சன் பூங்காவில், கொட்டும் மழையிலே தொடங்கப்பட்ட ஒரு கட்சி, 18 ஆண்டு நிறைவதற்குள் ஆளுங்கட்சி ஆயிற்று.

எந்தப் பெருநிகழ்ச்சிக்கும் ஆண்டுகள் பல கடந்துவிட்டால், அதைச் சுற்றிப் புராணம் முளைக்கும். 1967க்கும் முளைத்துவிட்டது. ஒருவர் சொல்கிறார்: ஒரு துப்பாக்கிக் குண்டு ஆட்சியை மாற்றியது என்று. இன்னொருவர் சொல்கிறார்: படி அரிசி என்ற ஒரே சொல் மாற்றியது என்று. மூன்றாமவர், ஊழிக்காற்று அடித்தது, ஆலமரம் சாய்ந்தது, அவ்வளவுதான் என்று கையை விரிக்கிறார். புராணத்தைக் கண்டால், ஆண்டென்ன, அளவென்ன, கண்டவர் யார், நடக்கக்கூடியதா என்று கேட்கக் கற்றுக்கொண்டவர்கள் நாம். பிறர் புராணத்துக்கு ஒரு நீதி, நம் வெற்றியின் புராணத்துக்கு ஒரு நீதியா? கேட்கத்தான் வேண்டும், தோழர்களே!

கேட்பதற்கு ஏற்ற இடமும் தாம்பரம் பாதையே. அந்தத் தேர்தலின் பெருங்கதைகளில் பல, இந்த இருப்புப்பாதையின் இருபுறமும் நடந்தவை. கோடம்பாக்கத்துக்கு மேற்கே விருகம்பாக்கம், அடுத்து மாம்பலத்தை ஒட்டிய தியாகராயநகர், அப்பால் சைதாப்பேட்டை, கிண்டி தாண்டினால் பரங்கிமலை, அதன் அருகே இராமாவரம், தாம்பரத்துக்கு மேற்கே சாலை வழியே சென்றால் திருப்பெரும்புதூர். ஒவ்வொன்றாய்ப் பார்ப்போம்.

1966 டிசம்பர் 29 ஆம் நாள் தொடங்கி 1967 சனவரி முதல் நாள் வரை, விருகம்பாக்கத்தில் தி.மு.கழகத்தின் மாநில மாநாடு நடைபெற்றது. தேர்தல் நிதியாக 10 இலட்சம் ரூபாய் திரட்டவேண்டும் என்று அண்ணா குறித்திருந்தார். பொருளாளராயிருந்த கலைஞர் கருணாநிதி 11 இலட்சம் திரட்டி ஒப்படைத்தார். வேட்பாளர் பட்டியலைப் படித்து வந்த அண்ணா, சைதாப்பேட்டைக்கு வந்ததும் ஆளின் பெயரைச் சொல்லாமல் அந்தத் தொகையையே பெயராகச் சொன்னார் என்பதும், பந்தல் அதிர்ந்தது என்பதும் பலமுறை சொல்லப்பட்ட செய்தி. சொல்வதற்குச் சுவையான செய்திதான். ஆனால் அந்தச் சுவையில் ஒன்றை மறந்துவிடுகிறோம். 11 இலட்சம் ஒருவர் பையிலிருந்து வந்ததன்று. மாவட்டந்தோறும், வட்டந்தோறும், கிளைதோறும் உண்டியல் குலுக்கியவன் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. அவன் பின்னிய வலைதான் ஏழு வாரம் கழித்து வாக்காளரை வாக்குச்சாவடிக்கு அழைத்து வந்தது. நிதி திரட்டியதைக் காட்டிலும், நிதி திரட்டத் தெருவுக்கு ஓர் ஆள் இருந்தான் என்பதே அந்த மாநாட்டின் உண்மையான வலிமை.

விருகம்பாக்கம் என்ற பெயருக்கு இன்னொரு நினைவும் உண்டு. 1965 சனவரி 26 ஆம் நாள் இந்தி ஆட்சிமொழியாகும் என்றிருந்த நேரம். அன்று கோடம்பாக்கம் சிவலிங்கமும், மறுநாள் விருகம்பாக்கம் அரங்கநாதனும் மொழிக்காக உயிர்நீத்தனர். மாணவர் கிளர்ந்தெழுந்தனர், துப்பாக்கிகள் முழங்கின, இளைஞர் பலர் மாண்டனர். அந்த இழப்புகளைப் பாடிப் போற்றுவது எளிது. ஆனால் சாவு எதையும் சாதித்துவிடவில்லை. உயிரோடிருந்தவர்களின் உழைப்பே சாதித்தது. விருதுநகரில் காமராசரை எதிர்த்து நின்று, 1,285 வாக்கு வேறுபாட்டில் வென்ற பெ. சீனிவாசன் யார்? 1965இன் மாணவர் தலைவர்களுள் ஒருவர். வாழ்ந்து, வாக்குக் கேட்டு வென்றவர்!

இனிப் பரங்கிமலை. 1967 சனவரி 12 ஆம் நாள் இராமாவரம் இல்லத்தில், பரங்கிமலைத் தொகுதி வேட்பாளரான எம்.ஜி.ஆரை நடிகர் எம்.ஆர். இராதா சுட்டார். கழுத்தில் குண்டு. மருத்துவமனைப் படுக்கையிலிருந்தே தேர்தலைச் சந்தித்தார் எம்.ஜி.ஆர்.; கழுத்துக் கட்டோடு கூடிய அவர் படம் சுவரெங்கும் ஒட்டப்பட்டது. 27 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வாக்கு வேறுபாட்டில் அவர் வென்றார். இந்த நிகழ்ச்சியில் நமக்குக் கசப்பான ஒரு கூறும் இருக்கிறது. சுட்டவர், மேடைதோறும் மூடநம்பிக்கையைக் கிழித்தெறிந்த பகுத்தறிவு நாடகக்காரர்! பகுத்தறிவு பேசும் நாவும், சினத்தில் துப்பாக்கி தேடும் கையும் ஒரே உடம்பில் இருக்க முடியும் என்பதை அன்று கண்டோம்.

குண்டுதான் ஆட்சியை மாற்றியது என்போருக்கு ஒரு கேள்வி. பரங்கிமலையில் கட்டுப்போட்ட கழுத்துக்காக மக்கள் வாக்களித்தனர் என்றே வைத்துக்கொள்வோம். பக்கத்துத் தொகுதியான சைதாப்பேட்டையில் வென்றது எந்தக் கட்டினால்? தியாகராயநகரில் ம.பொ.சி. வென்றது எதனால்? தென்சென்னை நாடாளுமன்றத் தொகுதியில் அண்ணா வென்றது எதனால்? மக்களவைக்கு 25 இடங்களில் போட்டியிட்டு 25லும் கழகம் வென்றதே, அங்கெல்லாம் குண்டா பாய்ந்தது? அனுதாபம் ஆங்காங்கே சில வாக்கைக் கூட்டியிருக்கலாம். அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அதையே காரணமென்று சொல்லுவது, கோழி கூவியதால் பொழுது விடிந்தது என்பதற்கு ஒப்பாகும்.

திருப்பெரும்புதூரோ முதலமைச்சரின் தொகுதி. அங்கே பக்தவத்சலம், கழகத்தின் இராசரத்தினத்திடம் 9 ஆயிரத்தை எட்டும் வாக்கு வேறுபாட்டில் தோற்றார். அமைச்சரவையில் பூவராகன் ஒருவர் நீங்கலாக அனைவரும் தோற்றனர். நாட்டில் நச்சுக்கிருமி பரவிவிட்டது என்ற பொருள்பட அவர் பேசியதாகச் செய்தி வந்தது. மக்களை நோயாளியென்றும், தம்மை மருத்துவரென்றும் எண்ணுகிற ஆளவந்தார் எக்கட்சியிலும் உண்டு. தோல்விதான் அவர்களைப் பேசவைக்கிறது.

இப்போது கணக்குக்கு வருவோம். புராணத்துக்கு வைரி கணக்கு.

1967 பிப்ரவரியில் நடந்த தேர்தலில் சென்னை மாநிலச் சட்டமன்றத்துக்கு 234 இடங்கள். கழகம் 174 இடங்களில் நின்று 137இல் வென்றது. காங்கிரசு ஏறத்தாழ எல்லா இடங்களிலும் நின்று 51இல் வென்றது. இது எல்லோரும் அறிந்தது. வாக்கு எவ்வளவு? காங்கிரசு நூற்றுக்கு 41.1, கழகம் நூற்றுக்கு 40.7. ஆம், தோழர்களே, அச்சுப்பிழை அல்ல! ஆட்சியை இழந்த கட்சி, ஆட்சியைப் பிடித்த கட்சியைவிடச் சற்றே கூடுதலான வாக்குப் பெற்றிருந்தது. கட்சிக்கு விழுந்த வாக்குகளின் எண்ணிக்கையைப் பார்த்தால் வியப்பு இன்னும் கூடும். 1962இல் காங்கிரசு பெற்றது ஏறத்தாழ 58 இலட்சம். 1967இல் 63 இலட்சம். ஆலமரம் சாய்ந்தது என்கிறார்களே, அந்த மரம் சாய்கிற ஆண்டில்கூட நாலைந்து இலட்சம் இலை துளிர்த்திருக்கிறது! கழகமோ 1962இல் பெற்ற 34 இலட்சத்திலிருந்து 62 இலட்சத்துக்குத் தாவியது.

அப்படியானால் மக்கள் காங்கிரசைக் கைவிடவில்லையா? கேள்வியைத் திருப்பிப் போடவேண்டும். மக்களுள் பெரும்பாலோர் எப்போது காங்கிரசைக் கைப்பிடித்தனர்? 1952இல், ஆந்திரமும் மலபாரும் சேர்ந்திருந்த பழைய சென்னை மாநிலத்தில், காங்கிரசுக்குக் கிடைத்தது நூற்றுக்கு 35 வாக்கு, 375இல் 152 இடம், பெரும்பான்மை இல்லை. தேர்தலில் நில்லாத ஆச்சாரியார் மேலவை வழியே வந்து முதலமைச்சரானார். 1957இல் நூற்றுக்கு 45. ஆனால் 205இல் 151 இடம். 1962இல் நூற்றுக்கு 46. ஆனால் 206இல் 139 இடம். வாக்குக்கேற்ற இடம் என்றால் 1962இல் காங்கிரசுக்கு 95 இடம்தான் வந்திருக்கும். 44 இடம் உபரி! 1967இல் வாக்குக்கேற்ப 96 இடம் வந்திருக்க வேண்டும், வந்தது 51. அப்போது கூட்டிக் கொடுத்த அதே தராசு, இப்போது குறைத்துக் கொடுத்தது. மூன்று தேர்தலிலும் பாதிக்கு மேற்பட்டோர் எதிர்த்தே வாக்களித்திருந்தனர். எதிர்ப்பு இருந்தது, அது சிதறிக் கிடந்தது. சிதறியதைச் சேர்த்துக் கட்டிய கயிறுதான் 1967இன் இரகசியம்.

அந்தக் கயிறு எப்படி முறுக்கப்பட்டது என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். ஒரு புரியில் சுதந்திராக் கட்சி. இன்னொரு புரியில் மார்க்சியப் பொதுவுடைமைக் கட்சி. பிறகு முசுலிம் லீக், சோசலிசக் கட்சிகள் இரண்டு, ஆதித்தனாரின் நாம் தமிழர், ம.பொ.சி.யின் தமிழரசுக் கழகம். திராவிட இயக்கத்தைக் காலமெல்லாம் கடிந்து பேசிய ம.பொ.சி., தியாகராயநகரில் உதயசூரியன் சின்னத்தில் நின்றார். 1953இல் குலக்கல்வித் திட்டம் கொண்டுவந்த ஆச்சாரியார், அதை எதிர்த்துச் சிறை சென்றவர்களோடு ஒரே மேடையில் அமர்ந்தார். கொள்கை எங்கே போயிற்று என்று அன்று கேட்டவர் உண்டு. கேட்டது தவறில்லை. விடை இது: ஒருவரை ஒருவர் ஏற்றுக்கொண்ட கூட்டு அன்று அது; ஒரு தொகுதியில் ஒருவரே நிற்பது என்ற உடன்பாடு. சுதந்திராவுக்கு 20 இடமும், மார்க்சியருக்கு 11 இடமும் கிடைத்தன. கழகத்துக்குத் தனிப்பெரும்பான்மை கிடைத்துவிட்டதால், ஆச்சாரியாரின் தயவில் அமைச்சரவை நடத்த வேண்டிய நிலை வரவில்லை. அது அறிவுத்திறம் பாதி, நற்பேறு பாதி. நற்பேறு என்ற சொல்லைப் பகுத்தறிவாளன் எழுதலாமா என்று முகம் சுளிக்க வேண்டா. எதிர்பாராதது நடந்தது என்பதே பொருள்.

எதிர்பாராததுதான்! சான்று வேண்டுமா? தென்சென்னையையே பாருங்கள். அண்ணா நின்றது சட்டமன்றத்துக்கு அன்று, நாடாளுமன்றத்துக்கு. கோட்டை கைக்கு வரும் என்று உறுதியாக எண்ணிய தலைவர், தில்லிக்குப் போகும் தொகுதியில் ஏன் நிற்கப்போகிறார்? வென்றபின், தென்சென்னை உறுப்பினர் பதவியை விட்டு, மேலவை உறுப்பினராகி, முதலமைச்சர் பொறுப்பைத் தொடர்ந்தார். அதே ஆண்டு நடந்த இடைத்தேர்தலில் முரசொலி மாறன் அத்தொகுதியில் வென்றார். முன்கூட்டியே எழுதப்பட்ட விதியென்றால், அந்த விதி அதன் நாயகனுக்குக்கூடத் தெரியாமல் இருந்தது!

சேர்த்துக் கட்டினால் போதுமா? கட்டுவதற்கு விறகு வேண்டுமே! 34 இலட்சம் 62 இலட்சமானது கூட்டணிக் கணக்கால் மட்டும் வந்ததன்று. இங்கேதான் தாம்பரம் பாதையின் மக்களைப் பார்க்கவேண்டும்.

தாம்பரம் பழைய சிற்றூர்த் தொகுப்பு; இருப்புப்பாதை அதை நகராக்கியது. காசநோய் மருத்துவமனை 1928இல் வந்தது. கிறித்தவக் கல்லூரி 1937இல் நகரிலிருந்து அங்கே பெயர்ந்தது. குரோம் தோல் தொழிற்சாலையால் ஓர் ஊர் குரோம்பேட்டை என்றே பெயர் பெற்றது. காமராசர் ஆட்சியில் 1958இல் கிண்டித் தொழிற்பேட்டை எழுந்தது. பெருங்களத்தூரை அடுத்து மோட்டார்த் தொழிற்சாலை. வேலை தேடிச் செங்கற்பட்டு, வட ஆர்க்காடு, தென் ஆர்க்காடு மாவட்டங்களின் இளைஞர் பாதையோரம் குடியேறினர். இவர்களுக்கு வேலையளித்த தொழிற்பேட்டை காங்கிரசு ஆட்சியில் எழுந்தது. அவர்கள் தம்பி தங்கையர் மதிய உணவு உண்டு படித்த பள்ளி காமராசர் திறந்தது. இதை மறுப்பவன் வரலாறு எழுதத் தகுதியற்றவன். பின் ஏன் இவர்களில் பலர் மாற்றி வாக்களித்தனர்?

படித்தவன் கேட்கத் தொடங்குவான், அதுதான் காரணம். பள்ளி திறந்தவரே, பள்ளியில் படித்தவனின் கேள்வியைச் சந்திக்க வேண்டியதாயிற்று. தில்லியின் மொழிச் சட்டம் அவன் வேலை வாய்ப்பைத் தொட்டது. ஊரில் நிலமில்லாத தொழிலாளிக்கு அரிசி விலையே ஆட்சியின் முகம். 1965, 1966 ஆம் ஆண்டுகளின் தட்டுப்பாட்டில் கடை வாயிலில் காத்துக் கிடந்தவள் அவன் மனைவி. விளைகிற சிற்றூரில் குத்தித் தின்றவர்கள், நகர்ப்புறத்தில் அளந்து வாங்க நேர்ந்தபோது, அளவு குறைவதை அன்றன்றே கண்டனர். 1963இல் காமராசர் பதவி துறந்து கட்சிப் பணிக்குப் போனபிறகு, கோட்டைக்கும் தெருவுக்கும் இடையே இருந்த படிக்கட்டும் போயிற்று. மறுபுறம் முடிதிருத்தும் நிலையத்தில் ஏடு, தேநீர்க் கடையில் ஏடு, படிப்பகத்தில் ஏடு. எழுத்தறியாதவனுக்கு எழுத்தறிந்தவன் படித்துக் காட்டினான். 1957இல் 15 பேர், 1959இல் சென்னை மாநகராட்சியில் கழகத்தின் முதல் மேயர், 1962இல் 50 பேர் என்று படிப்படியாக ஏறியது இந்தப் படிப்பகத்துப் படிக்கட்டில்தான். அப்படிப்பட்ட கட்சி 1956 திருச்சி மாநாட்டிலே, தேர்தலில் ஈடுபடலாமா என்பதைக்கூடத் தலைவர் கட்டளையிட்டுத் தீர்க்கவில்லை. வந்திருந்தோர் பெட்டியில் வாக்குச் சீட்டுப் போட்டுத் தீர்த்தனர். 1962ஐ விட 1967இல் வாக்களித்தோர் விழுக்காடு கூடியதற்கும் இந்தப் பழக்கத்துக்கும் உறவு உண்டென்பது எம் துணிபு.

வாக்கைப் பற்றிப் பேசும்போது, உத்திரமேரூர்க் கல்வெட்டைக் காட்டிப் பெருமைப்படுவோர் இப்பகுதியில் மிகுதி. தாம்பரத்திலிருந்து தொலைவில்லை அல்லவா? குடவோலை முறை இருந்தது உண்மை. ஆனால் அந்தக் குடத்தில் பெயரிட யாருக்குத் தகுதி? வரிகட்டும் நிலம் வேண்டும். சொந்த மனை வேண்டும். வேதம் அறிந்திருக்க வேண்டும். உழுதவன் பெயர் அந்தக் குடத்துக்குள் நுழையவே இல்லை. 1952இல்தான், சாதியும் சொத்தும் படிப்பும் கேளாமல், உழுதவன் கையில் வாக்குச் சீட்டு வந்தது. 15 ஆண்டில் அதைப் பயன்படுத்தக் கற்றுக்கொண்டான்.

பெரியாரைப் பற்றிச் சொல்லாமல் இக்கதையை முடிப்பது கோழைத்தனம். 1967 தேர்தலில் அவர் எதிர்முகாமில் நின்றார். காமராசரைப் பச்சைத் தமிழர் என்று போற்றி, காங்கிரசுக்கு வாக்குக் கேட்டார். 1949இல் பிரிந்த பிரிவு 18 ஆண்டு ஆறவில்லை. வென்றபின் அண்ணா திருச்சிக்குச் சென்று பெரியாரைக் கண்டார். காமராசர் தோற்றதற்கு வருந்தினார் என்பதையும் பலர் எழுதியுள்ளனர். ஒரே ஆசானின் மாணவர்கள், ஆசான் எதிர்த்தபோதும் தம் முடிவில் நின்றனர். வென்றபின் ஆசான் முன் நின்றனர். குருவை வணங்கும் மடத்தில் இது நடக்காது. கேள்வி கேட்கப் பழகிய இயக்கத்திலே நடந்தது.

பதவியேற்றவர்கள் என்ன செய்தனர்? தாம்பரத்துக்குத் தெற்கே அதே இருப்புப்பாதையில் செங்கற்பட்டு. அங்கே 1929 பிப்ரவரி 17, 18 நாள்களில், சௌந்தரபாண்டியனார் தலைமையில் முதல் சுயமரியாதை மாகாண மாநாடு கூடியது. சாதிப் பட்டம் துறப்பதும், பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமையும் தீர்மானங்களாயின. புரோகிதரில்லாத் திருமணங்கள் பெருகின. ஆனால் அவை சட்டப்படி செல்லா என்று 1950களில் உயர்நீதிமன்றம் கூறியது. மேடையிலே மாலை மாற்றி மணந்த தாயின் பிள்ளை, நீதிமன்றத்தில் முறையான பிள்ளை அல்ல! கொள்கைக்காக மணந்தவர்கள் வீட்டில் எத்தனை நெஞ்சு துடித்திருக்கும்! 1967 நவம்பரில் சட்டமன்றம் அதை மாற்றியது. 1968 சனவரியில் சட்டமாயிற்று. முன்பு நடந்த சுயமரியாதைத் திருமணங்களும் செல்லும் என்றாயிற்று. 38 ஆண்டுக்கு முன் செங்கற்பட்டில் ஏறிய வண்டி, அன்றுதான் கோட்டையில் வந்து நின்றது. பெண்ணின் சொத்துரிமை என்ற அடுத்த பெட்டி வந்துசேர 1989 ஆயிற்று.

தமிழ்நாடு என்ற பெயர்த் தீர்மானம் 1967 சூலை 18. பெயர் நடைமுறைக்கு வந்தது 1969 சனவரி 14. பல்லாவரத்தில் வாழ்ந்து 1950இல் மறைந்த மறைமலையடிகள் அதைக் காணவில்லை. அண்ணா கண்டார், கண்ட மூன்று வாரத்தில், பிப்ரவரி 3 ஆம் நாள், மறைந்தார். இருமொழித் தீர்மானம் 1968 சனவரியில் நிறைவேறியது.

அரிசி? ரூபாய்க்கு மூன்று படி இலட்சியம், ஒரு படி நிச்சயம் என்றனர். சென்னையிலும் கோவையிலும் ஒரு படித் திட்டம் 1967இல் தொடங்கியது. மாநிலம் முழுவதற்கும் அதை விரிக்கக் கருவூலம் இடங்கொடுக்கவில்லை. நிச்சயமும் நிலைக்கவில்லை, இலட்சியம் இலட்சியமாகவே நின்றது. வாக்களித்த மூதாட்டி மன்னித்திருக்கலாம். வரலாறு குறித்துவைத்துக்கொள்ள வேண்டும்.

அதனினும் கொடிய ஒன்று இருக்கிறது. 1968 டிசம்பர் 25 ஆம் நாள் இரவு, கீழைத் தஞ்சையின் கீழ்வெண்மணியில், கூலி உயர்வு கேட்ட தாழ்த்தப்பட்ட உழவர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர், பெண்களும் குழந்தைகளுமாக, ஒரு குடிசைக்குள் எரிந்து மாண்டனர். ஆட்சி மாறி 21 மாதம் ஆகியிருந்தது. கோட்டையில் ஆள் மாறினால் பண்ணையில் ஆள் மாறுவதில்லை என்பதை அந்தச் சாம்பல் சொல்லிற்று. குற்றஞ்சாட்டப்பட்ட பண்ணையார்கள் பின்னர் உயர்நீதிமன்றத்தில் விடுதலை பெற்றனர். 1967ஐப் பாடும் மேடைகளில் வெண்மணியை ஒரு மூச்சில் தாண்டிச் செல்வோரை நாம் பார்த்திருக்கிறோம். தாண்டக் கூடாது. சாதி ஒழிப்பைச் சொல்லி வளர்ந்த இயக்கத்தின் ஆட்சியிலே நடந்தது அது.

1967ஐ நாம் புராணமாக்கினால் விளையும் கேடு இங்கேதான். குண்டாலும் கட்டாலும் ஆட்சி மாறும் என்று நம்புகிற இளைஞன், உண்டியல் குலுக்க வரமாட்டான். படிப்பகம் திறக்க மாட்டான். அடுத்த முகம் எப்போது திரையில் தோன்றும் என்று காத்திருப்பான். 51 இடத்தைப் பார்த்து எதிரி ஒழிந்தான் என்று எண்ணியவர்கள், நூற்றுக்கு 41 பேர் எதிர்ப்புறம் நின்றதை மறந்தார்கள். அந்த 41இல் பெரியாரின் தொண்டரும் இருந்தனர், காமராசரின் பள்ளியில் படித்தவரும் இருந்தனர்.

இந்தியாவெங்கும் 1967 காங்கிரசுக்குப் பொல்லாத ஆண்டு. கேரளம், மேற்கு வங்கம், ஒரிசா, பீகார், பஞ்சாப் என்று பல மாநிலங்களில் அது ஆட்சியை இழந்தது. எல்லா இடத்திலும் பல கட்சிகள் கூடி ஆண்டன. அவற்றில் பல விரைவில் கவிழ்ந்தன. ஒரே கட்சி தனிப்பெரும்பான்மையோடு காங்கிரசை அகற்றியது சென்னை மாநிலத்தில் மட்டுமே. 1971இல் கழகம் நூற்றுக்கு 48 வாக்கும் 184 இடமும் பெற்றது. அந்தத் தேர்தலிலும் சைதாப்பேட்டையில் கலைஞரும், பரங்கிமலையில் எம்.ஜி.ஆரும் வென்றனர், கலைஞர் அப்போது முதலமைச்சர்.

1972 அக்டோபரில் அந்த இரு தொகுதிகளின் உறுப்பினர்களும் இரு கட்சியினர் ஆயினர். பரங்கிமலை உறுப்பினர் கட்சியிலிருந்து நீக்கப்பட்டு, அ.தி.மு.க.வைத் தொடங்கினார். அந்நாள் வரை தாம்பரம் என்ற பெயரில் ஒரு சட்டமன்றத் தொகுதி இல்லை. 1977 தேர்தலில்தான் அப்பெயர் தொகுதிப் பட்டியலில் ஏறியது. அந்த ஆண்டு சூன் 30 ஆம் நாள் எம்.ஜி.ஆர். முதலமைச்சரானார். தாம்பரத்தின் முதல் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முனு ஆதி, கோட்டைக்குள் சென்று பேரவைத் தலைவர் இருக்கையில் அமர்ந்தார்.